மேம்பாலம் ஏறிய வண்டி

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கல்லணையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் வரைக்கும் தரை விரித்த பாய் மாதிரி கிடக்கும். தண்ணீரையே வாட்டம் பார்த்து, வாய்க்கால் வெட்டி, மடை திறந்து, கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய சீமை. ஏற்றம் என்று எங்களுக்குத் தெரிந்தது ஊர்க்கோடியில் இருக்கும் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அந்த மேம்பாலத்தை வைத்துக்கொண்டு, மலையேற மறுத்த ஒரு வண்டிக்கு வைத்தியம் பார்த்தவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். யாரையும் தாழ்த்திப் பேசக்கூடாது என்று தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறவனும்கூட. ஆனால் அந்த மெக்கானிக்குகளையும், அவர்களுக்கு மேல் மெக்கானிக்காக நின்ற என் மச்சினனையும் நினைத்தால் மட்டும் அந்த வேண்டுதல் பலிப்பதில்லை.

வண்டி மச்சினனுடையது. அவன் என் மனைவிக்குத் தம்பி. எங்கள் பக்கத்துப் பையன்கள் நாற்றங்காலை விட்டுவிட்டு பாஸ்போர்ட்டுக்கு வரிசையில் நின்ற காலத்தில் மஸ்கட்டுக்குப் போனவன். பல வருஷம் வெயிலில் வெந்துவிட்டுத் திரும்பி வந்து, ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, டிரைவர் போட்டு, கல்யாண வாடகைக்கும் கோயில் யாத்திரைக்கும் விட்டான். அவன் உழைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். இன்னொருவர் வயலில் நடவு நட்ட குடும்பத்தின் வாசலில் ஒரு வேன் நிற்பது சின்ன விஷயம் இல்லை. வாய்தான் பொறுக்க முடியாது. மஸ்கட்டில் இன்ஜின் சத்தத்தை வைத்தே இவன் கோளாறு சொல்லிவிடுவானாம். இன்ஜினியர்கள் எல்லாம் இவனைத்தான் கூப்பிடுவார்களாம். கூடவே வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்துத் தெருப் பையன், இவர் அங்கே ஷெட்டில் வண்டி கழுவினார் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டான். கழுவுவது கேவலம் இல்லை. நானும் மாடு கழுவினவன். ஆனால் மாடு கழுவினவன் நான்தான் மாட்டு டாக்டர் என்று ஊருக்குள் திரிந்தது கிடையாது.

என் மகளுக்குக் கோத்தகிரியில் வரன் அமைந்தது. மாப்பிள்ளை தேயிலை ஃபாக்டரியில் வேலை. அந்தக் குடும்பமும் எங்கள் பக்கத்திலிருந்து பிழைக்கப் போய் மலையிலேயே தங்கிவிட்டது. கல்யாணம் மாப்பிள்ளை ஊரில். பெண் தாய்மாமன் வண்டியில்தான் போய் இறங்க வேண்டும் என்று மச்சினன் வரன் பேசிய அன்றே சொல்லிவிட்டான். தாய்மாமன் அப்படிச் சொன்ன பிறகு வேறு வண்டி பேசுவது அவன் முகத்தில் கரி பூசுவது மாதிரி. எங்கள் சனத்தில் அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது.

சித்திரையில் மாப்பிள்ளை வீடு பார்க்க அதே வேனில் கிளம்பினோம். திருச்சி, கரூர் எல்லாம் சும்மா பறந்தது. மச்சினன் முன் சீட்டில் உட்கார்ந்து, வண்டி எப்படிப் போகிறது பார்த்தீர்களா என்று திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்தான். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் டிரைவர் மூன்றாவது கியருக்கு இறக்கினான், பிறகு இரண்டுக்கு, பிறகு ஒன்றுக்கு. ஒன்றிலும் திணறியது. மிதிக்க மிதிக்க சத்தம் கூட வேண்டுமே, உள்ளுக்குள் அமுங்கிக்கொண்டே போனது. பின்னால் பார்த்தால் செங்கல் சூளை மாதிரி கரும்புகை. கொஞ்சம் நிறுத்தி எடுத்தால் பத்து முழம் நன்றாக ஏறும், மறுபடியும் அதே கதைதான். கடைசியில் ஆண்கள் எல்லாம் இறங்கி, பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி நடந்தோம். பெண்களோடு வேன் எங்களுக்கு முன்னால் எருமை மாதிரி அசைந்து போனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது போட்ட இலை வாடியிருந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் நின்றார்.

"என்ன சம்பந்தி, தஞ்சாவூர்லேர்ந்து நடந்தேவா வர்றீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போது அவர் சிரிக்கவில்லை. "முகூர்த்தம் ஏழரைலேர்ந்து ஒம்பது. ஒம்பது தாண்டிட்டா எங்க வீட்ல தாலி ஏறாதுங்க. எங்க தங்கச்சி கல்யாணத்துல நேரம் தப்பிப் போயி, அவ பட்ட பாட்ட இந்த ஊரே பாத்துச்சு. பொண்ணு நேரத்துக்கு வந்துடணும்."

பெண்ணை முதல் நாளே மாப்பிள்ளை ஊரில் தங்க வைக்கும் வழக்கமும் எங்களுக்கு இல்லை. மேட்டுப்பாளையத்தில் சத்திரத்தில் தங்கி, விடிந்ததும் மலையேறித்தான் போக வேண்டும். வண்டி சரியாக ஏறினால் என் மகளுக்குக் கல்யாணம். ஏறாவிட்டால் என்ன என்று யோசிக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

ஊருக்கு வந்ததும் வைத்தியம் ஆரம்பித்தது. முதல் மெக்கானிக் எங்கள் ஊர்க்காரன். வண்டியைத் தொடாமலேயே கிளட்ச் பிளேட் போய்விட்டது என்றான். கிளட்ச் வழுக்கினால் இன்ஜின் மட்டும் அலறும், வண்டி போகாது. இது அலறவே இல்லையே என்று டிரைவர் மெதுவாகச் சொன்னான். யார் கேட்டார்கள்? பிளேட்டை மாற்றினான். பிறகு சோதனை. பத்து மூட்டை நெல்லை ஏற்றி, கூட நாலு பேரை ஏற்றி, அரை மைலுக்கு அப்பாலிருந்து வேகம் எடுத்து வந்து மேம்பாலத்தில் ஏற்றினார்கள். அந்த வேகத்தில் வந்தால் வைக்கோல் வண்டிகூட ஏறும். வண்டி உச்சியில் போய் நின்றது. மெக்கானிக் இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கீழே கிடந்த வயலையும் தண்டவாளத்தையும் ஊட்டியைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"சிங்கம் மாதிரி ஏறுது. இனிமே இமயமலைக்கே போவலாம்" என்றான்.

இரண்டாவது ஆள் திருவாரூர் ரோட்டில் இருந்தான். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நாலு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். சக்கரம் ராட்டினமாகச் சுற்றியது. அப்படியானால் டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது, ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று டீசல் ஃபில்டரை மாற்றினான். மறுபடியும் நெல் மூட்டை, மறுபடியும் மேம்பாலம், மறுபடியும் சிங்கம்.

எனக்கு இன்ஜின் தெரியாது. மாடு தெரியும். பாரம் ஏற்றின மாடு பாதி வழியில் நின்றால் முதலில் குளம்பைப் பார்ப்போம், பிறகு கழுத்துப் புண்ணைப் பார்ப்போம், இரண்டும் சரியாக இருந்தால் விலாவைப் பார்ப்போம், மூச்சு எப்படிப் போகிறதென்று. இந்த வண்டிக்குக் காலும் சரியாக இருந்தது, கழுத்தும் சரியாக இருந்தது. மேட்டில் மட்டும்தான் தவிக்கிறது. மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று அந்த இரண்டாவது ஆளிடம் சொன்னேன்.

"அண்ணே, இது மாடில்லண்ணே" என்றான். கூட நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மச்சினன்தான் அதிகமாகச் சிரித்தான். இன்ஜினுக்கு மூக்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது ஆள் தஞ்சாவூரில் டீசல் பம்ப் மட்டும் பார்க்கிறவர். கண்ணாடி அறை, வெள்ளைச் சட்டை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோயிலுக்குள் போகிற மாதிரி போனோம். பம்பைக் கழற்றி மெஷினில் மாட்டி, டீசல் போதவில்லை என்று கூட்டி வைத்தார். வெளியே வந்து வண்டியைக் கிளப்பினால் புகை முன்னைவிடக் கறுத்தது. அதைக் கேட்டதற்கு, பவர் வந்தால் புகை வரத்தான் செய்யும் என்றார். அவருக்கும் சோதனைக்கு எங்கள் மேம்பாலம்தான். மூன்று பேரும் ஒரே பரீட்சையை வைத்து ஒரே மார்க்கைப் போட்டார்கள்.

இப்போது அந்தத் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கம் ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். வயலில் பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்து நெற்றை உடைத்துக் கொடுத்துவிடும். நமக்குக் களம் தேவையில்லை, ஆள் கூலி தேவையில்லை. ஆனால் அந்தத் தூசி இருக்கிறதே, மஞ்சள் புகையாக எழுந்து மூக்கு, காது எல்லாவற்றிலும் புகுந்து அரிக்கும். அந்தப் பங்குனியில் மச்சினனுக்கு மஸ்கட் ஞானம் வந்துவிட்டது. மணல் காற்று அடித்தால் அங்கே இப்படித்தான் செய்வார்களாம். இன்ஜின் காற்றை இழுக்கிற வாயில் துணி போட்டு மூடி, சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டிவிட்டான். கட்டினதுதான் கட்டினான், ஒரு பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருக்கலாம். வண்டி வாங்கி அம்மன் கோயிலில் பூசை போட்ட அன்று பூசாரி கொடுத்த துணியை, அம்மனுக்குச் சார்த்திய சிவப்புப் புடவையின் தலைப்பை, நாலாக மடித்து அங்கே கட்டினான். தூசிக்கும் ஆச்சு, காவலுக்கும் ஆச்சு என்று ஒரே கல்லில் இரண்டு வேலையை முடித்த பெருமை வேறு.

இது எங்கள் யாருக்கும் தெரியாது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு சிவப்புத் துணி, அதில் மஞ்சள், குங்குமம். அம்மன் துணி கட்டியிருக்கிறான் என்று நான் கும்பிட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அது எதை மூடியிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த மூன்று பேருக்கும் தெரியாமல் இருக்க முடியாது. முதல் ஆள் பானெட்டைத் திறந்ததும் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இரண்டாவது ஆள் கையில் கிரீஸ் இருக்கிறது என்று தொடாமலே கன்னத்தில் போட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருபடி மேலே போய், கடை சாமி படத்திலிருந்து கொஞ்சம் மல்லிகைப்பூவைக் கிள்ளி அதன்மேல் வைக்கச் சொன்னார். மூன்று பேரும் கும்பிட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றினார்கள். அதை மட்டும் கழற்றவில்லை. பக்தி என்று நினைத்தேன். கை நீட்டி ஒரு துணியை அவிழ்க்கப் பயம். அதற்குப் பக்தி என்று ஒரு பேர்.

வைகாசியில் கல்யாணம். மேட்டுப்பாளையத்தில் விடிந்ததும் கிளம்பினோம். என் மகள் அலங்காரத்தோடு நடு சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் அம்மனை நினைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நாலு வளைவுகூடத் தாண்டவில்லை, பழைய மாதிரியே சத்தம் அமுங்க ஆரம்பித்தது. பம்ப்காரர் கூட்டிவைத்த டீசலும் சேர்ந்து புகை இந்தத் தடவை உள்ளேயே வந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு வளைவில், பாறையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்த இடத்தில், வண்டி நின்றேவிட்டது.

மணி ஏழு தாண்டியிருந்தது. ஆண்கள் நடக்கலாம், கல்யாணப் பெண்ணை நடத்திக் கூட்டிப்போக முடியுமா? மேலே போகிற வண்டி எல்லாம் நிறைந்து போனது. மச்சினன் பானெட்டைத் திறந்து, டீசல் பைப்பைத் தளர்த்தி, உள்ளே காற்று புகுந்துவிட்டது, ஏர் லாக், ஏர் லாக் என்று சொல்லிக்கொண்டே டீசலைத் தரையில் பீய்ச்சிக்கொண்டிருந்தான். டிரைவர் கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்துவிட்டு, தலை குனிந்து நின்றான். என் மகள் அழவில்லை. ஜன்னல் வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒம்பதுக்குள்ள போயிடுவோமாம்மா?" என்றாள்.

என் மனைவி இறங்கினாள். நேராக முன்பக்கம் போனாள்.

"அந்த அம்மன் துணிய அவுத்துக் குடு."

மச்சினன் நிமிர்ந்து பார்த்தான். "எதுக்குக்கா? அது வண்டிக்குக் காவலா கட்டுனது. இப்பப் போயி அதத் தொடாத."

"அம்மன் பொடவ தகரத்துக்கு எதுக்குடா? எம் பொண்ணு அங்க வெலவெலத்துப் போயி ஒக்காந்திருக்கா. அவ கையில கட்டணும். தள்ளு."

அவன் தள்ளவில்லை. அவளே அவனை முழங்கையால் இடித்துவிட்டு, டியூபைப் பிடித்து இழுத்து அவிழ்த்தாள். துணி கையோடு வந்தது. அதைத் துணி என்று சொல்லக்கூடாது. உளுந்துத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து ஊறி, காய்ந்து, வறட்டி மாதிரி கெட்டியாக இருந்தது. உள்பக்கம் ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. மேலே மட்டும் மஞ்சளும் குங்குமமும் காய்ந்த மல்லிகையும்.

என் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சாமி துணிய வச்சிருக்கற லட்சணத்தப் பாரு. அடுப்புல கரித்துணியக்கூட இப்படி வச்சிருக்க மாட்டேன்" என்றாள். பாறையிலிருந்து வழிந்த தண்ணீரில் அதைப் போட்டு, கசக்கி, பிழிந்து, மறுபடியும் கசக்கினாள். கறுப்பாக ஓடியது. அதற்கு மேல் போகாது என்று தெரிந்ததும், ஈரத்தோடு ஒரு ஓரத்தைக் கிழித்து மகளின் இடது கையில் கட்டிவிட்டாள். நான் நெற்றியில் திருநீறு வைத்தேன். மச்சினன் பைப்பை முடுக்கினான். ஏறி உட்கார்ந்தோம்.

டிரைவர் சாவியைத் திருப்பினான். அந்தச் சத்தத்திலேயே அவன் முகம் மாறியது. இரண்டாவது கியரில் வளைவைத் தாண்டினான், மூன்றாவதுக்கு மாற்றினான். வண்டி இழுத்தது. அவன் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, பொகையக் காணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கறுப்பாக ஓடிய அந்தத் தண்ணீரும், மேட்டில் திணறி மட்டத்தில் ஓடியதும், டீசலைக் கூட்டினதும் புகை கூடினதும் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. சமதரையில் சும்மா நடக்கிறவன் மூக்கைப் பொத்திக்கொண்டும் நடந்துவிடலாம். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால்தான் தெரியும். மேம்பாலம் அஞ்சு படி. மலை ஆயிரம் படி. இதைக் கண்டுபிடிக்க மூன்று மெக்கானிக்கும் ஒரு மஸ்கட்டும் இருந்தும் முடியவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எட்டே கால். என்னைப் பார்த்து, "இந்தத் தடவ வண்டியிலயே வந்துட்டீங்களே" என்றார். என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. கையில் அந்த அழுக்குத் துணி அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி அதை அவிழ்த்துவிட்டு வேறு கட்டலாமா என்று கேட்டபோது, என் மகள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

பந்தியில் மச்சினன் பேச ஆரம்பித்தான். வளைவில் ஏர் லாக் ஆகிவிட்டதாம், இவன்தான் ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டானாம், மஸ்கட்டில் இதெல்லாம் சர்வ சாதாரணமாம். கேட்டவர்கள் இன்னொரு கரண்டி பாயசம் போட்டுக்கொண்டு தலையாட்டினார்கள். டிரைவர் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன். சம்பந்தி வீட்டில் மச்சினனை அவமானப்படுத்த நான் போகவில்லை. ஊருக்கு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஊருக்கு வந்து சொன்னேன். அந்தத் துணிதான் மூச்சை அடைத்தது என்று பொறுமையாகச் சொன்னேன். மச்சினன் என்னைப் பாவமாகப் பார்த்தான். "மாமா, அம்மன் துணிய அடைச்சிச்சுன்னு சொல்லாதீங்க மாமா. பாவம். அம்மன்தான் நம்மள மேல கொண்டு போயி சேத்துச்சு" என்றான். ஊர் மெக்கானிக்கும் அதையே சொன்னான். பொண்ணு கையில் கட்டினதும் வண்டி ஏறியதே, அதுதான் சாட்சி என்றான். அவன் போட்ட கிளட்ச் பிளேட்டும் அதில் பாதிக் காரணம் என்று சேர்த்துக்கொண்டான்.

அம்மன் கொண்டு போய்ச் சேர்த்தாள் என்பதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த வளைவில் என் மனைவிக்கு அந்தத் துணியைக் கேட்கத் தோன்றியதே, அது அம்மன் அருள்தான். இன்றைக்கும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் தன் புடவையை வண்டியின் மூக்கில் கட்டச் சொல்லி அவள் யார் கனவிலும் வந்து சொல்லவில்லை. கும்பிட வேண்டியதைக் கும்பிடவும், அவிழ்க்க வேண்டியதை அவிழ்க்கவும் ஒரே கையைத்தான் கொடுத்திருக்கிறாள். அந்தக் கையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறவர்களிடம் அவளே வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை மச்சினன் கோயிலுக்குப் போனான். பூசாரியிடம் புதுப் புடவைத் தலைப்பு ஒன்று வாங்கி வந்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, அதே இடத்தில், அதே டியூபால் கட்டினான். அம்மன் காப்பாற்றிய வண்டி என்று பேர் வந்துவிட்டதால் இந்தத் தடவை எட்டாக மடித்தான். கட்டி முடித்து, நெல் மூட்டை ஏற்றி, மேம்பாலத்தில் ஏற்றிப் பார்த்தான். சிங்கம் மாதிரி ஏறியதாம்.

மறுவீட்டுக்கு மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துவர வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான். என் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தாமலே சொன்னாள்.

"வேணாம்பா. வண்டி இங்கயே நிக்கட்டும். நாங்க பஸ்ல போய்க்கறோம்."